பனி நட்ட கதை

அந்த மலைக்கு இரண்டு பெயர். தெற்கே இருப்பவர்கள் 'படுத்த பசு' என்பார்கள். வடக்கே இருப்பவர்கள் 'ஏர்முனை' என்பார்கள். உச்சி வருஷத்தில் பத்து நாள் கண்ணில் பட்டால் அதிகம். மற்ற நாளெல்லாம் மேகம்.

அதன் மடியில் ஒரு சின்ன ஊர். பனி வருஷா வருஷம் மேலே மேலே சுருங்கிப் போனதால் ஓடைத் தண்ணீரில் கணுக்கால்கூட நனையவில்லை. பார்லி கதிர் விடாமல் காய்ந்தது. இன்னொரு வருஷம் இப்படிப் போனால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

பனியை நடுவது என்று முடிவு செய்தார்கள். அது அவர்கள் வழக்கம். கல்லும் மண்ணும் கலந்த கறுப்புப் பனி ஆண். நீலம் ஓடும் வெள்ளைப் பனி பெண். இரண்டையும் வெட்டிச் சுமந்து வந்து, ஊருக்கு மேலே நிழல் விழும் குழியில் சேர்த்துப் புதைத்தால் புதுப் பனி வளரும். குழிக்கு வந்து சேரும்வரை சுமப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் பனி பிடிக்காது.

ஊர்க்காரர்களோடு அங்கே தங்கியிருந்த குருவும் போனார். அவர் ஒரு துறவிப் பெண். சிஷ்யை வடிவையும் கூப்பிட்டார். வடிவு தெற்கே தொலைவிலிருந்து வந்தவள். குருவைவிடப் பத்து வயது மூத்தவள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள்.

"என்னை எதுக்கும்மா கூப்பிடுறீங்க? எனக்கு வாய் நிக்காதே."

"நிக்காட்டி பார்த்துக்கலாம், வா."

பனியை வெட்டிக் கூடைகளில் சுமந்து திரும்பி இறங்கும்போது யாரும் பேசவில்லை. கூடையில் பனி உருகி வடிவின் முதுகில் சொட்டியது. மேகத்துக்குள் நடந்தார்கள். தன் கால் தரையில் படுகிறதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு முகட்டில் மேகம் விலகியது.

பசுவும் இல்லை, ஏரும் இல்லை. அடியில் எதுவுமே இல்லாமல், நடுவானத்தில் வெள்ளையாக நின்றது உச்சி.

"அம்மாடி!"

மூச்சோடு மூச்சாக வந்துவிட்டது. முன்னால் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. பக்கத்தில் குரு மட்டும். வடிவு வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் கெஞ்சினாள்.

குரு உரக்கச் சொன்னார்: "ஆமா வடிவு, அம்மாடிதான்!"

ஊர்த்தலைவர் நோர்பு விறைத்துப்போய்த் திரும்பினார்.

"மாதாஜி, நீங்களே இப்படிப் பண்ணலாமா? குழி கூப்பிடு தூரத்துல இருக்கே!"

"ரெண்டு பேருமே பேசிட்டோம் நோர்பு. இதைக் கொட்டிட்டு மறுபடி போகலாம்."

"ரெண்டு நாள் ஏத்தம். அதுக்குள்ள பனி கொட்ட ஆரம்பிச்சா வழி அடைச்சுக்கும்."

"அப்போ இப்பவே கிளம்பணும்."

நோர்பு தலையில் அடித்துக்கொண்டார். "இந்தத் தடவை அந்தத் தெற்கத்தி அக்கா வாயில ஒரு உருளைக்கிழங்கை வெச்சு அடைங்க."

கோபத்தில் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

வெறும் கூடைகளோடு மறுபடி ஏறினார்கள். பாதி ஏற்றத்தில் வடிவு அழுதாள்.

"யார் காதுலயும் விழலையேம்மா. நீங்க சும்மா இருந்திருந்தா இந்நேரம் பனி குழியில இருக்குமே."

"இருக்கும். அது வளரக்கூடச் செய்யும்," என்றார் குரு. "ஊரே குனிஞ்சு தண்ணி அள்ளிக் குடிக்கும். நீ மட்டும் வாயைப் பொத்தினபடியே தாகத்தோட கரையில நிப்ப."