சுனைக்கரை நாடகமும் ஆள்காட்டிக் குருவியும்

மருதமரக் காட்டின் நடுவே ஒரு சுனை இருந்தது. அதன் கரையில் காத்தாயி என்றொரு ஆள்காட்டிக் குருவி குடியிருந்தாள். உடம்பு ஒரு பிடி, குரலோ காடு கொள்ளாது. ஒரு சருகு அசைந்தால் போதும், கத்திவிடுவாள். அவள் கத்தினால் என்ன ஏது என்று கேட்காமல் காடே எழுந்து நிற்கும். அது அந்தக் காட்டு வழக்கம். புலி வந்தபோதெல்லாம் அந்த வழக்கம்தான் உயிரைக் காத்தது. அதனால் யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

அந்தக் கோடையில் கருமந்திகள் சுனைக்கரைப் பாறைமேல் ஒரு நாடகம் போட்டன. காட்டின் பழைய தலைவர் மோழையனின் கதை. மோழையன் தந்தம் இல்லாத ஆண் யானை. சில வருஷங்களுக்கு முன் காட்டை விட்டுப் போனவர். மலைக்கு அப்பால் இறந்துபோனார் என்று கழுகுகள் வந்து கூறின. இருந்தபோது அவரைச் சட்டை செய்யாதவர்கள்கூட, இறந்தபின் அவர் பெயரைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செத்தால்தான் அருமை தெரியும் என்பது காட்டுக்கும் பொருந்தும்.

நாடகம் தினமும் பொழுது சாயும் நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. கரடிதான் மோழையன் வேஷம். மூக்கில் ஒரு கொடியைக் கட்டிக்கொண்டு ஆட்டியது.

"தும்பிக்கை இப்படியா தொங்கும்? அவரு நடந்தா தரையே அதிரும்," என்றது காட்டெருமை.

"அவரு பாட்டுப் பாடி நான் கேட்டதே இல்ல," என்றது முயல்.

"பாட்டு கெடக்கட்டும். நடுவுல ஒரு ஆட்டம் வெச்சிருக்கலாம்," என்றது மயில்.

"எங்க தாத்தா பொழுதுக்கும் அவரு முதுகுலயே இருந்தவரு. அவரைக் காட்டாம இதென்ன கதை?" என்று காக்கை கோபித்துக்கொண்டது.

குறை சொன்னவர்கள்தான் மறுநாள் முதல் வரிசையில் இடம் பிடித்தார்கள். காத்தாயிக்கும் அங்கேதான் இடம். "இனி அவரை மாதிரி ஒருத்தர் பொறக்கவா போறாரு?" என்று எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள்.

ஒருநாள் வறட்சிக் காட்சி வந்தது. சுனை வற்றிக் கிடக்கிறது. மோழையன் நடுவில் நின்று காலால் சேற்றைக் கிளறுகிறார். அப்போது செவந்தி என்ற நரி பாறைமேல் ஏறினாள். குட்டி போட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. மந்திகள் தரும் இலந்தைப் பழத்துக்காக வேஷம் கட்டியவள்.

"இருக்கிற தண்ணியையும் சேறாக்குறான்! காட்டையே அழிக்கப் பாக்குறான்! விடாதீங்க!" என்று கத்தினாள்.

அவை முன்பு காத்தாயியே சொன்ன சொற்கள். அந்தக் கத்தல்கூட அவளுடைய கத்தல்தான்.

ஆம், உண்மையான அந்த வறட்சியில் கத்தியது நரி இல்லை, காத்தாயி. அவள் கத்தினாள், காடு எழுந்தது. எருமைகள் முட்டின, மந்திகள் கல்லெறிந்தன. மோழையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரும் கேட்கவில்லை. அவர் காட்டைவிட்டுப் போன மறுநாள், அவர் கிளறிய இடத்தில் தண்ணீர் பொங்கியது. தூர்ந்துபோன ஊற்றைத்தான் அவர் தோண்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் வயிறு முட்டக் குடித்தார்கள். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று காத்தாயி பயந்தாள். ஒரு தலை திரும்புவதற்குள் முந்திக்கொண்டாள்.

"பாவி நரி! நம்ம தலைவரைக் கெடுத்தவ இவதான்! விடாதீங்க!"

வழக்கப்படி காடு எழுந்தது. செவந்தி விழுந்தடித்துப் புதருக்குள் ஓடினாள்.

மறுநாள் காலையில் அவள் தண்ணீர் குடிக்க வந்தாள். காட்டெருமை வழியை மறித்தது.

"ஐயா, அது நாடகம்ங்க. மந்தி சொல்லிக் கொடுத்ததைத்தான் நான் சொன்னேன்," என்றாள் செவந்தி.

"நாடகத்துலயே இவ்வளவு துணிச்சல்னா, நெசத்துல என்னதான் செய்ய மாட்ட? எங்க தலைவர் தோண்டுன தண்ணியில ஒரு வாய் உனக்குக் கெடையாது."

காத்தாயி வாயைத் திறக்கவில்லை. அவள் முட்டைகள் கூழாங்கல் நடுவே வெட்டவெளியில் கிடந்தன. 'நரி ஒழிந்தால் முட்டைக்கு நல்லதுதானே' என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். மனசுக்கு நியாயம் சொல்லவா தெரியாது?

ஆனால் வெயில் ஏற ஏற நரிக்குட்டிகளின் முனகல் பொந்திலிருந்து கேட்டது. அந்த வட்டாரத்தில் வேறு தண்ணீர் கிடையாது. அடுத்த நாள் முனகல் இன்னும் மெலிந்தது. காத்தாயிக்கு அடைகாத்தலில் மனம் ஒட்டவில்லை. மந்திகளின் தலைவனிடம் போனாள்.

"கத்தினது நரின்னு எதுக்கு வெச்ச? உனக்கு நெசம் தெரியாதா?"

மந்தி முதுகைச் சொறிந்துகொண்டது. "குருவின்னு வெச்சா நீ பாப்பியா? எருமை முட்டுறதைக் காட்டினா எருமை உக்காந்திருக்குமா? நாங்க கல்லெறிஞ்சதை நாங்களே ஆடிக் காட்டுவோமா? நரின்னா எல்லாருக்கும் சௌகரியம். பாரு, எவ்வளவு கூட்டம்!"

காத்தாயி பொந்துக்குப் போனாள். செவந்தி நாக்கு வறண்டு படுத்திருந்தாள். குட்டிகள் பால் இல்லாத மடியைச் சப்பிக்கொண்டிருந்தன. அவள் காத்தாயியைத் திட்டவில்லை.

"வா காத்தாயி. உன் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தக் கத்தலைப் பழகினேன். நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள்.

காத்தாயிக்கு உயிரே கூசியது. நரி திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சுனைக்கரைக்கே பறந்தாள்.

அன்று மாலை மோழையன் காட்டைவிட்டுப் போகும் காட்சி. கரடி கொடியைத் தொங்கப்போட்டு மெல்ல நடந்தது. கூட்டம் தேம்பித் தேம்பி அழுதது. காத்தாயி பறந்துபோய்ப் பாறைமேல் இறங்கினாள்.

"நிறுத்துங்க. அன்னைக்குக் கத்தினது நரி இல்ல. நான்."

"நல்ல கட்டத்துல கெடுக்காத, எறங்கு," என்றது முயல்.

"நீ கத்தினா நாங்க என்ன செய்வோம்? உன்னை நம்பித்தானே நாங்க..." என்று ஆரம்பித்த காட்டெருமை பாதியில் நிறுத்திக்கொண்டது. மிச்சத்தைச் சொன்னால் முட்டிய கதையும் வெளியே வருமே.

"நான் என்னன்னு பாக்காம கத்தினேன். நீங்க என்னன்னு கேக்காம முட்டினீங்க. இப்பவும் அதையேதான் செஞ்சோம். அன்னைக்கு அவரு போனாரு. இன்னைக்குச் செவந்தி குட்டிங்க போகப்போவுது."

அதுவரை ஆறாக ஓடிய கண்ணீர் அந்த நேரம் ஒருவர் கண்ணிலும் வரவில்லை. கரடி மூக்கிலிருந்த கொடியை அவிழ்த்துக் கீழே வைத்தது. காட்டெருமை சுனைக்குப் போகும் வழியைவிட்டு விலகி நின்றது. காத்தாயி போய்ச் செவந்தியை அழைத்து வந்தாள். நரி தள்ளாடி நடந்து, மோழையன் தோண்டிய குழியில் வாய் வைத்தாள். அவள் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. குடித்து முடித்துக் குட்டிகளிடம் திரும்பிப் போனாள்.

மறுநாள் அந்த வறட்சிக் காட்சியை மந்திகள் மறுபடி போட்டன. இந்த முறை கத்தும் வேஷம் காத்தாயிக்கு. கூட்டம் பாதிகூட இல்லை. காத்தாயி பாறைமேல் நின்று தன் பழைய சொற்களையே கத்தினாள்.

அவள் கத்தியும் காடு எழாமல் இருந்தது அன்றுதான். வந்தவர்கள் தலைகுனிந்து உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

கதையில் வரும் பாவிமேல் கல்லெடுக்கும் முன், தன் கை முன்பு எறிந்த கல்லை நினைத்துப் பார்க்க வேண்டும்.