ஆறுமுகநயினாரின் இடுப்புக் கயிறு

"இடுப்புல கட்டவா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க டீச்சர்."

ஆறுமுகநயினார் கயிற்றைத் தூக்கிக் காட்டினார். ஒரு முனை கயாக்கில், அந்த ஒற்றையாள் துடுப்புப் படகில். மறுமுனை அவர் கையில்.

கயாக் கற்றுக்கொடுக்கும் பிளாவியா துடுப்பில் ஒட்டிய மணலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மனுசன் வெங்காய மண்டி முதலாளி. மூட்டை தூக்கிய தோளால் மண்டியைப் பிடித்தவர். பேரத்தில் அவரை மடக்க ஒருத்தன் தூத்துக்குடியில் இன்னும் பிறக்கவில்லை. ஊர் சொன்னதல்ல, அவரே சொன்னது.

ஐம்பதைத் தாண்டிக் கயாக் படிக்க மணப்பாட்டுக்கு வந்தார். தன் வயதில் பாதிகூட இல்லாத பெண்ணை வாய் நிறைய டீச்சர் என்றார். தொழில் தெரிந்தவர்களிடம் மட்டும் குனிகிற தலை அது.

மறுநாள் விடியலில் கடலுக்குள் நீண்ட பாறை முனையைச் சுற்றிக் கடல் பயணம். டீச்சர் தலையசைத்தால்தான் அவருக்கு இடம். அவரோ மண்டி முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"மச்சினன் கட்டுங்கான். படகு கைவிட்டுப் போகாதாம். வள்ளக்காரரு கட்டாதேங்காரு. கயிறே எமனாம். எவன் பேச்சை நான் கேக்க?"

"கயித்தைப் படகுல போட்டுட்டு ஏறுங்க அண்ணாச்சி," என்றாள்.

ஆளுக்கொரு கயாக்கில் அலை உடையும் இடத்தைத் தாண்டினார்கள். அப்பால் தண்ணீர் எண்ணெய் போலக் கிடந்தது.

"குதிங்க."

"என்னது?"

"கடல்ல குதிங்க."

குதித்தார்.

கரையிலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது கச்சான் காற்று. ஆளில்லாத கயாக், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பியவள் மாதிரி, திரும்பியே பார்க்காமல் போனது.

"பிடிங்க," என்றாள்.

தாமிரபரணி வெள்ளத்தில் நீந்திய கைகள். அடித்து அடித்து நீந்தினார். அவர் நெருங்க நெருங்க அது விலகியது. கடைசியில் லைஃப் ஜாக்கெட் தூக்கிப் பிடிக்க, நாய்போல மூச்சிரைத்துக்கொண்டு மிதந்தார்.

பிளாவியா போய் அதைப் பிடித்து வந்தாள்.

"அப்ப கட்டணும்! மொதல்லயே வாயைத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்திரும்?"

அவள் கயாக்கை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

அவர் ஏறினார். கட்டினார். லாரியில் லோடு கட்டுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

"இந்த முடிச்சு டெல்லி வரைக்கும் போயிருக்கு டீச்சர். எங்கயும் அவிழ்ந்ததில்ல."

"சரி. கரைக்குப் போவோம்."

கரையை ஒட்டி அலை மறித்து அடித்தது. கயாக் பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்ந்தது. அலை அதை உருட்டிக்கொண்டு போக, அது அவரை இழுத்துக்கொண்டு போனது. மேலே எது, கீழே எது தெரியவில்லை. வாயில் உப்பு, கண்ணில் மணல். முடிச்சைப் பிய்த்தார்.

முடிச்சு, அவர் சொன்னபடியே, அவிழவில்லை.

பிளாவியா பாய்ந்து வந்து கத்தியால் கயிற்றை அறுத்தாள்.

மணலில் கிடந்து இருமினார். இருமல் அடங்கும்வரை அவள் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"நல்ல முடிச்சு," என்றாள்.

வெடித்தார்.

"என்னம்மா, விளையாடுதியா? அங்க கட்டாட்டிப் படகு போவுது. இங்க கட்டினா உயிரு போவுது. உனக்கு நாக்கு ஒண்ணா ரெண்டா? விலையை மாத்தி மாத்திச் சொல்லுதவனை நான் மண்டி வாசல்ல ஏத்த மாட்டேன்!"

"நான் எங்க விலை சொன்னேன்? கட்டணும்னதும் நீங்க. கட்டினதும் நீங்க."

பேரத்தில் மடங்கிப்போனார் அண்ணாச்சி. மண்டியில் இதை யாராவது பார்த்திருந்தால் பண்டிகை கொண்டாடியிருப்பார்கள்.

"நாளைக்கு நான் உண்டா இல்லையா? அதையாவது சொல்லுங்க."

"காலையில வாங்க."

போகும்போது ஒரு வாரை அவர் மடியில் போட்டுவிட்டுப் போனாள். இடுப்பில் கட்டும் வார். பின்னால் கயிறு மாட்டக் கொக்கி. முன்னால் ஒரு சிவப்புக் குமிழ். அதை இழுத்தால் வாரே கழன்றுவிடும்.

வெயில் தாழும்வரை அவர் முழங்கால் தண்ணீரில் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு முங்கினார். குமிழை இழுத்தார். மறுபடி மாட்டினார். வலக்கையால் இழுத்தார். இடக்கையால் இழுத்தார். களைத்தபோது மணலில் உட்கார்ந்து அலை உடையும் இடத்தையே பார்த்தார். அதற்கு அப்பால் காற்று தண்ணீரைச் சுருக்குவதைப் பார்த்தார்.

மச்சினன் போனில் கூப்பிட்டான். "அத்தான், கட்டுனியளா?"

"போனை வையிலே."

விடியலில் அவரோடு படிக்கும் ஐந்து பேர் தங்கள் கயாக் பக்கத்தில் நின்றார்கள். ஐந்து கையிலும் கயிறு. பத்துக் கண்களும் டீச்சர் முகத்தில்.

ஆறுமுகநயினார் இடுப்பில் வார் இருந்தது. கயிறு சுருட்டியபடி படகுக்குள் கிடந்தது.

பிளாவியா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"கொக்கியை மாட்டலையா அண்ணாச்சி?"

சுருக்கென்று ஏறியது கோபம்.

"மணல்ல நின்னுகிட்டு அதை எப்படிச் சொல்ல? அலையைத் தாண்டி, காத்தைப் பாத்துல்லா மாட்டணும்! திரும்பி வரையில அலைக்கு முன்னால கழத்தணும்! இது தெரியாமலா எனக்கு டீச்சரா இருக்கிய?"

ஐந்து தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

பிளாவியா குனிந்தாள். தன் கையாலேயே அவர் கயாக்கைத் தண்ணீருக்குள் தள்ளினாள்.

"முன்னால போங்க அண்ணாச்சி. நாங்க பின்னால வாரோம்."