தேர்மேல் ஏறிய மூன்று தளபதிகள்

கொன்றையூர் ராஜா மார்த்தாண்ட பூபதிக்கு மூன்று தளபதிகள். தீக்கு ஒருவர், ஏரிக்கு ஒருவர், யானைக் கொட்டிலுக்கு ஒருவர். பல்லக்கில் உட்கார்ந்துதான் ஆணையிடுவார்கள். தரையில் கால் வைத்தால் கௌரவம் போய்விடும். ஆளுக்கு முப்பது சேவகர். பல்லக்குக்குப் பன்னிரண்டு பேர், முரசுகளுக்குப் பத்துப் பேர், மிச்சம் குடை, விசிறி, வெற்றிலைப்பெட்டி. வேலைக்கு ஆள்? கேட்காதீர்கள்.

ஆடி முடியும் சமயம். மழையில் ஏரி தளும்பி நின்றது. ஒருநாள் உச்சிவேளையில் கரை உடைந்தது. அதே நேரம் கீழவீதியில் வைக்கோற்போர் பற்றிக்கொண்டது. புகையில் மிரண்ட பட்டத்து யானை ஓடிவந்து வீதி முனையில் குறுக்கே நின்றது. நடுவில் ஊருடைய விதைநெல் களஞ்சியம். ஒரு பக்கம் தீ, மறுபக்கம் தண்ணீர். விதைப்புக்குப் பத்தே நாள். அந்த நெல் போனால் ஊருக்கு அடுத்த வருஷம் சோறு இல்லை.

மூன்று பல்லக்கும் தேரடிக்கு வந்தன. அங்கேயே நின்றன. யார் முன்னால் போவது?

"எரிவது தீ. நான்தான் முன்னால்."

"என் பாட்டனார் காலத்திலிருந்து ஏரிக்குத்தான் முதல் முரசு. தெரியாதா உமக்கு?"

"வழியில் நிற்பது என் யானை. நான் சொல்லாமல் எவரும் நகர முடியாது."

"உடைந்த தண்ணீரை அள்ளித் தீயில் ஊற்றலாமே சாமி," என்றான் ஒரு சேவகன்.

"ஏரித் தண்ணீர் என் இலாகா. என் முத்திரை இல்லாமல் ஒரு குடம் அள்ளக் கூடாது," என்றார் ஏரித் தளபதி.

ராஜா ஓடிவந்தார். கூடவே தாண்டவராயன். சபையில் வாய் நீளம் என்று பெயர் வாங்கிய ஆள்.

"தாண்டவா, ஏதாவது செய்."

"மூன்று இடத்துக்கும் ஒரே அதிகாரம் வேண்டும், மகாராஜா. கொடுப்பீர்களா?"

"கொடுத்தேன். ஆனால் தளபதிகளின் கௌரவம் நூலளவும் குறையக் கூடாது. ஒருவர் மற்றவருக்குக் கீழே நிற்கக் கூடாது. கால் தரையில் படக் கூடாது. தப்பினால் உனக்குக் கழுதைச் சவாரி."

"குறைப்பானேன்? உயர்த்திவிடுகிறேன்."

தாண்டவராயன் பல்லக்குகளைப் பார்த்துக் கும்பிட்டான்.

"தேர் மேல்தட்டில் எழுந்தருள வேண்டும். மூவருக்கும் ஒரே தட்டு. ஊரே உங்களை அண்ணாந்து பார்க்கும்."

மூவருக்கும் முகம் மலர்ந்தது. பல்லக்கிலிருந்து ஏணி, ஏணியிலிருந்து தேர். தரையில் ஒரு விரல்கூடப் படவில்லை. ஏறி முடித்ததும் தாண்டவராயன் ஏணியை எடுத்துவிட்டான்.

இப்போது அவன் கையில் தொண்ணூறு பேர்.

"வழி திறந்தால்தான் மற்றதெல்லாம். முதலில் யானை. பாகன் யாரப்பா?"

வெற்றிலைப்பெட்டி தூக்கிய கிழவர் கையை உயர்த்தினார்.

"நான்தானுங்க. மூணு வருஷமா இந்தப் பெட்டிதான் தூக்குறேன்."

"போடும் அதைக் கீழே. போய்க் கூப்பிடும்."

கிழவர் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். யானை ஆட்டுக்குட்டி மாதிரி பின்னால் நடந்தது.

"முரசுத் தோலைக் கிழியுங்கள். அத்தனையும் தண்ணீர்த் தொட்டி. உடைப்பில் அள்ளித் தீயில் ஊற்றுங்கள். பல்லக்குகளில் மண்ணைக் கொட்டி உடைப்பில் இறக்குங்கள்."

"சந்தனப் பல்லக்குங்க," என்று ஒருவன் இழுத்தான்.

"சந்தனமும் மூழ்கும். இறக்கு."

மேலே மூவரும் விடாமல் ஆணையிட்டுக்கொண்டிருந்தார்கள். முழங்க முரசு இல்லை. அதனால் ஒருவர் காதிலும் விழவில்லை.

இரண்டு நாழிகையில் தீ அணைந்தது. கரை அடைபட்டது. விதைநெல்லில் ஒரு மணி நனையவில்லை, ஒரு மணி கருகவில்லை.

"என் ஆணைப்படியே முடிந்தது, மகாராஜா," என்றார்கள் தேர்மேல் இருந்தவர்கள். மூன்று பேரும் ஒரே குரலில். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ராஜா தாண்டவராயனிடம் குனிந்து கேட்டார். "உள்ளதைச் சொல். இவர்கள் ஏதாவது செய்தார்களா?"

"பெரிய உபகாரம், மகாராஜா. கடைசிவரை கீழே இறங்கவே இல்லை."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன பரிசு வேண்டும்? பொன்னா, நிலமா? கேள்."

"அதெல்லாம் எதற்கு, மகாராஜா? இந்த ஏணியைக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்."