தொட்டில் கொக்கி

ஏரிக்கரை நகரில் தணிகாசலம் தன் வீட்டை விற்கத் துடித்துக்கொண்டிருந்தார். வேலைக்காரி செங்கேணியைக் கூப்பிட்டு, "வர்றவங்ககிட்ட வீட்டைப் பத்தி நல்லது மட்டும்தான் பேசணும். மீறினா வேலை போயிடும்" என்று மிரட்டி வைத்தார்.

வாங்க வந்தவள் மெர்லின், நிறைமாதக்காரி. கூடத்தில் நின்று, "சுவர்ல இடுப்பளவுக்கு மட்டும் புதுப் பெயின்ட் இருக்கே?" என்றாள்.

தணிகாசலம் முறைத்தார். செங்கேணி வாய் நிறையச் சொன்னாள்: "ஐயாவுக்கு வீட்டு மேல அவ்வளவு அக்கறைம்மா. வருஷா வருஷம் மழைக்காலம் முடிஞ்சதும் தவறாம அடிச்சுடுவாரு."

மெர்லின் யோசனையோடு மேலே பார்த்தாள். "தொட்டில் கட்டக் கொக்கி இருக்கா?"

"இருக்கு கண்ணு, நல்ல உறுதியான கொக்கி. போன ஐப்பசியில அரிசி மூட்டையை அதுலதான் கட்டித் தொங்கவிட்டோம். கீழ கட்டிலே மிதந்துச்சு, ஒரு மணி அரிசி நனையல."

மெர்லின் வயிற்றை அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"நல்லது மட்டும்தானே பேசச் சொன்னேன்!" என்று கத்தினார் தணிகாசலம்.

"கொக்கியைப் பத்தி ஒரு குறை சொன்னேனாய்யா?" என்றாள் செங்கேணி. பதிலுக்கு நிற்காமல் ஓடிப்போய் மெர்லினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து இறங்கு கண்ணு. இந்த வீட்டுப் படியும் வழுக்கும்."