மூன்றாவது கோப்பை

"என் தம்பியோட ஒயின் இனிமே கலவையில வேண்டாம். எனக்கு அலுத்துப் போச்சும்மா" என்றார் ருஜ்ஜேரோ.

ஒர்னெல்லா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

வயதில் அவரைவிட இளையவள்தான். ஆனால் ஒயின் கலக்கும் வித்தையில் அவருக்கு அவள்தான் குரு.

இத்தாலியில் ஒரு குன்று. அதில் அந்தக் குடும்பத்துக்கு மூன்று திராட்சைத் தோட்டங்கள். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. மூன்று தோட்டத்துச் சிவப்பு ஒயினும் தனித்தனிப் பீப்பாயில் கிடக்கும். வசந்தம் வந்ததும் ஒன்றாகக் கலந்து, ஒரே பெயரில் புட்டியில் அடைப்பார்கள். யாருடைய ஒயின் கலவைக்குள் போகவில்லையோ அவருக்கு அப்புறம் அந்த வீட்டில் என்ன வேலை? மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நாளைக்குக் கலவை.

"தம்பி எங்கே போவார்?" என்று கேட்டாள்.

"எங்கயோ போகட்டும். விடிஞ்சா அவனோட மல்லுக்கட்டு. கொடியை எப்ப வெட்டறது, பழத்தை எப்பப் பறிக்கறது, எல்லாத்துக்கும் ஒரு வழக்கு. சண்டை போடக்கூட எனக்குத் தெம்பு இல்லம்மா. நிம்மதியாத் தூங்கினாப் போதும்."

"தூங்கலாம். முதல்ல அவர் ஒயின் எதுன்னு காட்டுங்க."

முதுகைத் திருப்பிக்கொண்டு மூன்று கோப்பைகளில் ஊற்றி வைத்தாள்.

இது ஒரு சோதனையா! பிறந்ததிலிருந்து இந்த வாசனையில் வளர்ந்த மனுஷனிடமா? முதல் கோப்பையை ஒரு வாய் உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, வாளியில் துப்பினார்.

"தங்கச்சியோடது. சந்தேகமே இல்ல."

இரண்டாவது.

"இது என்னோடது. என்ன துடிப்பு பாருங்க!"

மூன்றாவதை வாயில் வைத்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"இதுதான் அவன். கூட இருக்கற ரெண்டையும் கீழே இழுத்துடும்."

"கெட்டுப் போச்சா?"

"கெடல. களைச்சுப் போச்சு. இருக்கவும் பிடிக்கல, போகவும் முடியல, அப்படி ஒரு ருசி."

"கொட்டிடலாமா?"

"கொட்டுங்க."

அவள் கோப்பையை வாளிக்கு மேலே தூக்கினாள். அடிப்பக்கத்தை அவருக்குக் காட்டினாள். சாக்பீஸில் போட்ட குறி. ருஜ்ஜேரோவின் தோட்டத்துக் குறி.

அவர் அந்தக் குறியை உற்றுப் பார்த்தார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அட கடவுளே, இவ்வளவு களைத்துவிட்டேனா என்று அழுகை முட்டியது.

கோப்பை சாயத் தொடங்கியது.

பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம்மா! கலவையில கொஞ்சம் இருக்கட்டும். ஒரு சொட்டாவது இருக்கட்டும்."

"கையை விடுங்க. காலையில ஒருத்தர் பிடிச்ச வலியே இன்னும் போகல."

"யாரு?"

"உங்க தம்பி. அவருக்கும் அலுத்துப் போச்சாம். உங்க ஒயின் இனிமே கலவையில வேண்டாம்னு சொல்ல வந்தார்."

ருஜ்ஜேரோ அவள் கையை விட்டார்.

"அவனுக்கும் மூணு கோப்பை வெச்சீங்களா?"

"வெச்சேன். வாயில வெச்சதுமே உங்களோடது எதுன்னு சரியாச் சொல்லிட்டார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கொட்டப் போனேன். கையைப் பிடிச்சுட்டார்."