ஒட்டுக் குச்சி

கோத்தகிரிக்கு மேலே ஒரு சிறிய ஆசிரமம். அதன் குருவுக்கு நாற்பது வயது. எல்லோரும் அவரை அக்கா என்று அழைத்தார்கள். ஏகாம்பரம் மட்டும் அழைக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற இலக்கண ஆசிரியர். அறுபது கடந்தவர் நாற்பது வயதுக்காரரை அக்கா என்பது வழு என்று கருதி, 'தாயே' என்று அழைத்தார். அது இன்னும் பெரிய வழு என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

குன்னூரில் இருந்தபோது, சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவர் பற்றின்மையைப் பற்றிப் பேசுவார். ஒருநாள் மனைவி கோமளவல்லி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "போய்த்தான் பாருங்களேன்" என்றார். அது ஏவலா, ஏளனமா என்று ஆராயாமல், "இனி நமக்குள் ஒட்டுமில்லை, உறவுமில்லை" என்று சொல்லிவிட்டு ஏகாம்பரம் கிளம்பிவிட்டார்.

எல்லாவற்றையும் துறந்து வந்தவரின் கையில் ஒரு காவி வேட்டி இருந்தது. தோளில், ஈரச் சாக்கில் வேரோடு சுற்றிய ஒரு கிவிக் கொடி இருந்தது.

"இது எதுக்கு ஐயா?" என்று குரு கேட்டார்.

"வீட்டில் இரண்டு கொடிகள், தாயே. ஒன்று காய்க்கும். மற்றது பூப்பதோடு சரி. காய்ப்பதை நான் எடுத்துக்கொண்டேன்."

"மற்றது?"

"மனைவிக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன்."

குரு கொடியை நட ஓர் இடம் காட்டினார்.

"எனக்குத் துறவு எப்போது, தாயே?"

"இது காய்க்கட்டும். அன்னிக்குக் காவி கட்டிக்கலாம்."

ஏகாம்பரம் காவி வேட்டியை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். பந்தல் போட்டார். நீர் ஊற்றினார். முதல் சித்திரையில் கொடி இலை விட்டது. அடுத்த சித்திரையில் பந்தல் கொள்ளாமல் பூத்தது. தேனீக்களின் பொறுப்புணர்ச்சியில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஒரு தூரிகை வாங்கி, விடிந்ததிலிருந்து பூவுக்குப் பூ தாமே தடவினார்.

பூக்கள் உதிர்ந்தன. ஒரு பிஞ்சுகூட இல்லை.

"என் உழைப்பில் குறை உண்டா, தாயே?"

"இல்லை. தூது நல்லாத்தான் போச்சு. அனுப்பினவர்தான் யாருமில்லை."

"விளங்கவில்லை."

மிஞ்சியிருந்த ஒரு பூவைப் பறித்து, அதன் நடுவிலிருந்த வெள்ளை நட்சத்திரத்தைக் குரு காட்டினார். "இது பெண் பூ. கொடி முழுக்கப் பெண் பூதான். இதோட மகரந்தத்துக்கு வீரியம் கிடையாது. ஆண் பூ வேற கொடியில பூக்கும். அது காய்க்காது. ஆனா அது இல்லாம இது காய்க்காது."

ஏகாம்பரம் அந்தப் பூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்படியானால், பூப்பதோடு சரி என்று நான் விட்டுவந்தது..." என்றார்.

"அதேதான். தை மாசம் இலையெல்லாம் கொட்டியிருக்கும். போய் அதுல ஒரு ஒட்டுக் குச்சி கேட்டு வாங்கிட்டு வாங்க. இந்தக் கொடியிலேயே கட்டிடலாம்."

"அவளிடமா? நான் எப்படிப் போய்..."

"அப்ப காவி வேண்டாமா?"

தை மாதம் அவர் போனார். குன்னூர் வீட்டுத் தோட்டத்தில், இலையுதிர்ந்த ஆண் கொடியின் மேல் ஒரு வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.

"காய்க்காத கொடி. துணியாவது காயட்டுமேன்னு போடுறேன்" என்றார் கோமளவல்லி. "என்ன வேணும்?"

"ஓர் ஒட்டுக் குச்சி."

"ஒட்டுமில்லைன்னு சொன்னீங்களே?"

"அந்த ஒட்டு வேறு பொருளில் வந்தது."

"நீங்க இப்ப எந்தப் பொருள்ல வந்திருக்கீங்க?"

ஏகாம்பரம் கொடியைப் பார்த்தார். கோமளவல்லி பென்சில் கனத்தில் ஒரு குச்சியை வெட்டி, ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

"சும்மா இல்லை. உங்க கொடியிலேர்ந்து எனக்கும் ஒரு குச்சி வேணும். எனக்குக் கட்டத் தெரியாது. அங்க கத்துக்கிட்டு வந்து நீங்களே கட்டிக் குடுங்க."

திரும்பி வந்த ஏகாம்பரம் எல்லாவற்றையும் குருவிடம் முறையிட்டார். "அந்த வேட்டி என்னுடையது, தாயே! உடுத்த ஆளில்லாத வேட்டியைத் துவைத்துத் துவைத்து உலர்த்துகிறாள். இது என்ன தர்க்கம்?"

குரு கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கொடியில் ஒரு கிளையை வெட்டி, வெட்டிய இடத்தைப் பிளந்தார். குச்சியின் அடியை ஆப்புப்போல் சீவினார்.

"இரண்டையும் வெட்டத்தான் வேண்டுமா?"

"ஒண்ணை மட்டும் வெட்டினா ஒட்டாது ஐயா."

தோலோடு தோல் பொருந்தும்படி குச்சியைப் பிளவில் செருகினார். "இதைப் பிடிச்சுக்குங்க. இறுக்கிக் கட்டணும். துணி கொண்டுவரேன்."

உள்ளே போய், தலைமாட்டிலிருந்த காவி வேட்டியோடு வந்தார். ஏகாம்பரம் வாய் திறப்பதற்குள் அது நீள நீளக் கீற்றுகளாகக் கிழிந்தது.

"தாயே! அது காய்க்கும் அன்று கட்டுவதற்கு வைத்திருந்தது!"

"கட்டினாத்தானே காய்க்கும்?"

ஒட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பிறகு பெண் கொடியில் ஒரு குச்சியை நறுக்கி, இன்னொரு கிழிசலையும் சேர்த்து ஏகாம்பரத்திடம் நீட்டினார்.

"இது அங்க கட்டுறதுக்கு."

ஏகாம்பரம் குச்சியைப் பார்த்தார். கிழிசலைப் பார்த்தார். வேட்டியில் மிஞ்சியதைப் பார்த்தார். அது ஒரு துண்டுக்குக்கூடக் காணாது.

"இனி நான் எதைக் கட்டிக்கொள்வது, தாயே?"

"அதான் கொடியில காயுதே."