பண்ணையாருக்குப் புரை ஏறியது

சித்திரை வெயிலில் ஊர்க் கிணறு வற்றிப்போன நேரம் பார்த்து, பண்ணையார் உலகநாதர் தம் தோட்டக் கிணற்றைப் பூட்டிவிட்டார். "எனக்கு எது நல்லதோ அதைத்தான் செய்வேன். ஊரால எனக்கு என்ன ஆகணும்?" என்பது அவர் பேச்சு.

கிணற்றைத் திறந்துவிடும்படி சமையல்காரன் கொம்பையா கேட்டான்.

"ஊரால எனக்கு ஒரு ஆதாயம் உண்டுன்னு, நான் சாப்பிட்டு எந்திரிக்கதுக்குள்ள காட்டு. காட்டிட்டா தெறக்கேன். இல்லைன்னா உனக்கு இங்க வேலை இல்ல" என்று இலை முன் உட்கார்ந்தார் பண்ணையார்.

கொம்பையா ரசத்தில் மிளகைத் தாராளமாகத் தட்டிப் போட்டு ஊற்றினான். இரண்டாம் வாயிலேயே பண்ணையாருக்குப் புரை ஏறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கொம்பையா ஓடிவந்து உச்சந்தலையில் தட்டினான்.

"யாரோ நெனைக்காவ ஐயா."

இருமல் அடங்குமுன்பே பண்ணையார் ஆசையாகக் கேட்டார்: "யாரா இருக்கும்?"

"அதான் நானும் யோசிக்கேன். ஆனா, ஊரே வேண்டாம்னு சொல்லுத ஐயாவுக்கு அது யாரா இருந்தா என்ன?"

பண்ணையார் மடியிலிருந்த சாவியை எடுத்து நீட்டினார். "ஊருக்காக இல்ல. எனக்காகத்தான்."

"ஐயாவுக்காகவே இருக்கட்டும். தண்ணி ஒண்ணுதான்" என்று கொம்பையா வாங்கிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் குடம் நிரப்பிய பெண்கள், "மகராசன் நல்லா இருக்கணும்" என்று வாயார வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மோர்ச்சோற்றில், மிளகே இல்லாமல், பண்ணையாருக்குப் புரை ஏறியது. ஓடிவந்த கொம்பையாவைக் கையமர்த்திவிட்டு, தாமே தலையில் தட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்:

"தண்ணி எடுக்க வந்துட்டாவ போல."